மூன்று கடை, மூன்று கவுன்சில், ஒரே தோசை மா

வடமேற்கு லண்டனிலிருந்து எழுதியிருக்கும் வாசகர் ஒருவர் மனைவியோடும் மச்சானோடும் சேர்ந்து மூன்று சாப்பாட்டுக் கடைகள் நடத்துகிறார். முதல் கடை 6 வருடமாக ஓடுகிறது. அதன் பின்பக்கச் சமையற்கூடத்தில்தான் மூன்று கடைக்கும் தோசை மா அரைக்கிறார்கள், சம்பலும் இட்லிப் பொடியும் செய்கிறார்கள். மா இரவில் 20 லிட்டர் வாளிகளில் பிரிட்ஜுக்கு வெளியே நின்று புளிக்கிறது. காலையில் ஒரு கிலோ டப்பாக்களில் அடைத்து வான் வண்டியில் மற்றக் கடைகளுக்கு ஏற்றுகிறார்கள். கடைக்கு வருகிறவர்களும் டப்பாவாக வாங்கிப் போகிறார்கள்.

முதல் கடையின் கவுன்சிலில் இருந்து பரிசோதிக்க வந்தவர்கள் மாவைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. உணவுச் சுகாதார ரேட்டிங் 5, அதுதான் ஆக உயர்ந்தது. கிழக்கு லண்டன் கடைக்கு வந்தவர் பிஎச் பதிவு, அதாவது மாவின் புளிப்பை எண்ணில் அளந்த பதிவு (எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும்), வேண்டும் என்றார். வாசகர் லிட்மஸ் தாள் வாங்கி வைத்தார், ரேட்டிங் 5 கிடைத்தது. தெற்கு லண்டனில் 8 மாதத்துக்கு முன் திறந்த மூன்றாவது கடைக்கு வந்தவர், அரைத்த மா உடனே பிரிட்ஜுக்குள் போக வேண்டும், அறைச் சூட்டில் வைப்பது சட்ட விரோதம் என்று எழுதி ரேட்டிங் 3 கொடுத்திருக்கிறார். திருத்தாவிட்டால் நோட்டீஸ் வரும் என்றும் சொல்லியிருக்கிறார். அந்தக் கடிதம் கைக்கு வந்து 12 நாளாகிறது.

"ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே வாளி மா. மூன்று பேர் மூன்று மாதிரிச் சொன்னால் நான் யார் சொல்வதைக் கேட்பது? முதல் கவுன்சில் 5 கொடுத்ததை மற்றவர்கள் ஏற்கத்தானே வேண்டும்? எப்படியும் கல்லில் போட்டுச் சுடுகிறோம், கிருமி எங்கே மிஞ்சும்? முறைப்பாடு செய்தால் பழிவாங்குவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. ஓர் ஆலோசகர் 'பிரைமரி அத்தாரிட்டி சர்டிபிகேட்' எடுத்துத் தந்தால் மூன்று வருடத்துக்கு இன்ஸ்பெக்டர் வரமாட்டார் என்கிறார். எடுக்கலாமா?" இதுதான் அவர் கேள்வி.

அன்புள்ள சகோதரருக்கு,

முதலில் நாட்கணக்கு. ரேட்டிங்கை எதிர்த்து மேன்முறையீடு செய்ய, அறிவிப்புக் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்கள்தான் உண்டு. சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை எல்லாம் அதில் சேரும். உங்களுக்கு 9 நாட்கள் மிச்சம். இந்த ஒரு விஷயத்தை மட்டும் உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டோம். மற்றதை ஆறுதலாகப் பார்க்கலாம், இதை ஆறப்போட முடியாது.

இனி உங்கள் பெரிய கேள்வி. மூன்று பேரில் யார் சொல்வதைக் கேட்பது என்று தேடுவதை விட்டுவிடுங்கள். உங்களிடம் எண்களோடு எழுதிய ஒரு முறை இல்லாததால்தான் ஒவ்வொருவரும் தம் மனதில் உள்ள முறையை உங்களுக்குச் சொல்கிறார்கள். அந்த முறையை நீங்கள் எழுத வேண்டும். அதற்குப் பிறகு ஒரு கவுன்சிலை அதற்குப் பொறுப்பேற்க வைக்க வேண்டும். இரண்டுக்கும் வழி இருக்கிறது, ஆனால் வரிசை மாறக் கூடாது.

முதல் கவுன்சிலின் 5 மற்றவர்களைக் கட்டுமா?

கட்டாது. லண்டனில் 32 பரோ கவுன்சில்களும் சிட்டி ஆஃப் லண்டனும் தனித்தனி அமலாக்க அதிகாரிகள். ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் நிற்கும் கடைக்குத் தானே பொறுப்பு. ரேட்டிங் என்பது இன்ஸ்பெக்டர் வந்த அன்று அந்தக் கட்டடத்தில் கண்டதற்கான மதிப்பெண். உங்கள் செய்முறைக்குக் கொடுத்த அங்கீகாரம் அல்ல. 6 வருடம் ஒருவர் மா வாளியைப் பார்த்தும் பேசாமல் போனார் என்பதை நீங்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பேசாமல் போவது ஆலோசனை ஆகாது. காலையில் வந்தவர் புளித்து முடிந்த மாவைப் பிரிட்ஜில் பார்த்திருக்கலாம், அவ்வளவுதான்.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. பல ஊர்களில் விற்கும் நிறுவனங்கள் ஒவ்வோர் ஊரிலும் வெவ்வேறு பதில் கேட்டு அலைந்ததால்தான் 1978இல் உள்ளூராட்சிகளின் வர்த்தகத் தரப் பிரிவுகளை ஒருங்கிணைக்க லாகாட்ஸ் என்ற அமைப்பு உருவானது. பின்னாளில் அது லாகார்ஸ் ஆனது. ஒரு நிறுவனத்தின் தலைமையிடம் எங்கிருக்கிறதோ அந்தக் கவுன்சில் அதற்கு 'ஹோம் அத்தாரிட்டி'யாக இருந்து ஆலோசனை சொல்லும், மற்றக் கவுன்சில்கள் அதனிடம் கேட்டு நடக்கும் என்பதுதான் அவர்கள் கொண்டுவந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு, ஆனால் யாரையும் சட்டப்படி கட்டவில்லை. பரிசோதனையும் அமலாக்கமும் எப்படி நடக்க வேண்டும் என்று ஆராய்ந்து 2005இல் வந்த ஹாம்ப்டன் அறிக்கைக்குப் பிறகு, 2008ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை அமலாக்கம் மற்றும் தண்டனைகள் சட்டம் இதற்குச் சட்ட பலம் கொடுத்தது. அதுதான் 2009 ஏப்ரலில் தொடங்கிய பிரைமரி அத்தாரிட்டி. ஆலோசகர் சொன்ன பெயர் உண்மைதான். அவர் அதற்குச் சொன்ன விளக்கம்தான் பிழை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கடிதத்தைத் திரும்பப் படியுங்கள்: எது சட்டம், எது யோசனை?

2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறையாளர் நெறிக்கோவை, அதாவது கவுன்சில் போன்ற அமலாக்க அமைப்புகள் நடந்துகொள்ள வேண்டிய முறை, அதிகாரி தன் கடிதத்தில் சட்டப்படி கட்டாயமானது எது, செய்தால் நல்லது என்ற யோசனை எது என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்கிறது. உங்கள் மூன்று அறிக்கைகளையும் மேசையில் வைத்து, ஒரு வரி விடாமல் இரண்டு நிறத்தில் கோடு போடுங்கள். கிழக்கு லண்டன்காரர் பிஎச் பற்றிச் சொன்னது யோசனைப் பகுதியில் இருந்தால் உங்கள் மூன்று முரண்களில் ஒன்று அங்கேயே கரைந்துவிடும். பிரிவு தெளிவாக இல்லாத இடத்தில், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். அது எதிர்த்துப் பேசுவது ஆகாது. கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அதோடு ரேட்டிங்குக்கான மதிப்பெண் பிரிப்பையும் கேட்டு வாங்குங்கள். மூன்று தலைப்புகளில் புள்ளி போடுவார்கள்: உணவைக் கையாளும் விதம், கட்டடமும் சுத்தமும், நிர்வாகத்தின் மீதான நம்பிக்கை. புள்ளி கூடக் கூட ரேட்டிங் குறையும். 5 வேண்டுமானால் கூட்டுத்தொகை 15ஐத் தாண்டக் கூடாது, எந்த ஒரு தலைப்பிலும் 5க்கு மேல் வரக் கூடாது. ஏதாவது ஒன்றில் 10 வந்துவிட்டால், மற்ற இரண்டும் பூச்சியமாக இருந்தாலும் 4க்கு மேல் போக முடியாது. உங்களுக்கு 3 என்றால் மொத்தம் 25 அல்லது 30. கையாளும் விதத்துக்கு 10, நம்பிக்கைக்கு 10, கட்டடத்துக்கு 5 என்று வந்திருந்தால், மாவும் அதற்கு எழுத்து இல்லாததும் சேர்ந்து உங்களை இரண்டு இடத்தில் அடித்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது மேன்முறையீடு செய்வதா? இன்ஸ்பெக்டர் வந்த அன்று கண்ட நிலையை வைத்துத்தான் மேன்முறையீட்டைப் பார்ப்பார்கள். பிறகு செய்த திருத்தம் அங்கே எடுபடாது. அன்று உங்களிடம் மாவுக்கு எழுதிய முறையோ பதிவோ இருக்கவில்லை என்பதால் வெல்லும் வாய்ப்பு பாதிக்குக் குறைவு என்றே நினைக்கிறேன். ஆனால் அதிகாரி சட்டத்தைத் தவறாக எழுதியிருக்கிறார் என்பதற்கு அடுத்த பகுதியில் வரும் காரணம் வலுவானது. ஆகவே 9 நாளுக்குள் முதலில் அவருடன் பேசுங்கள், தீராவிட்டால் அந்தக் கவுன்சிலின் உணவுப் பிரிவுத் தலைமை அதிகாரிக்கு எழுத்தில் மேன்முறையீடு அனுப்புங்கள். அது முடியும்வரை அந்த 3 இணையத்தில் வெளியாகாது. இணையாக, முறையைத் திருத்தியபின் மறுமதிப்பீடு கோரலாம். இங்கிலாந்தில் பல கவுன்சில்கள் அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. கட்டணம் கட்டினால் 3 மாதத்துக்குள், சொல்லாமல் வருவார்கள். ரேட்டிங் ஏறலாம், அப்படியே இருக்கலாம், இறங்கவும் செய்யலாம். தயாராகாமல் கூப்பிடாதீர்கள்.

மா: தெற்கு லண்டன் அதிகாரி சொல்வதும் நீங்கள் சொல்வதும் பாதி சரி

தெற்கு லண்டன் அதிகாரி நினைத்துக்கொண்டிருப்பது 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, சுகாதார விதிகளின் 4ஆவது அட்டவணையை. நோய்க்கிருமி வளரக் கூடிய, நச்சு உண்டாகக் கூடிய உணவை 8 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது அது. சரிதான். ஆனால் அதே அட்டவணையில் விலக்குகளும் உண்டு. அறைச் சூட்டில் வைத்துத்தான் பக்குவப்படுத்த முடியும் என்ற உணவுக்கு, அந்தப் பக்குவம் முடியும்வரை 8 டிகிரி விதி பொருந்தாது. முடிந்த கணத்தில் விலக்கும் முடிந்துவிடும். மா புளிப்பது இந்த விலக்குக்குள் வரும் என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. அரைத்த உடனே பிரிட்ஜில் வைத்தால் அது தோசை மாவே ஆகாது. ஆனால் எந்த நேரத்தில் பக்குவம் முடிந்தது, அதுவரை ஆபத்தில்லை என்று எப்படித் தெரியும் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். வாளியை மாலையில் வைத்துக் காலையில் எடுப்பது அதற்குச் சான்று ஆகாது.

இங்கேதான் "கல்லில் சுடுகிறோமே" என்ற உங்கள் நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். கையிலிருந்து ஸ்டாபைலோகாக்கஸ் வரலாம். இவை மாவில் பெருகினால் விடும் நச்சு, இட்லி அவிக்கும் சூட்டிலும் தோசைக் கல்லின் சூட்டிலும் அழிவதில்லை. கிருமி செத்துவிடும், நச்சு இருக்கும். ஆகவே உங்கள் பாதுகாப்பு அடுப்பில் இல்லை, புளிப்பில் இருக்கிறது. உளுந்தோடு வரும் லாக்டிக் பாக்டீரியாக்கள் அமிலத்தை எவ்வளவு சீக்கிரம் உண்டாக்குகின்றன என்பதே எல்லாம்.

அரைத்த மாவின் பிஎச் சுமார் 6இல் தொடங்கும். 28 முதல் 30 டிகிரியில் வைத்தால் 10 முதல் 14 மணி நேரத்தில் 4.5க்குக் கீழே வந்துவிடும். லண்டனில் ஜனவரி இரவு, ஹீட்டிங் நிறுத்திய சமையற்கூடம் 13 டிகிரிக்கு இறங்கினால் அதே மா 20 மணி நேரமானாலும் புளிக்காது. நம்மவர்கள் அதைப் பிரச்சினையாக நினைப்பதில்லை, "இன்னும் பொங்கவில்லை, கொஞ்சம் நிற்கட்டும்" என்பார்கள். உண்மையில் ஆபத்தான மா அதுதான்: கிருமிக்குப் போதுமான நேரம், அமிலமோ இன்னும் இல்லை. ஆகவே உங்கள் முறையில் இவை இருக்க வேண்டும்:

ஊறவைப்பது: அரிசியும் உளுந்தும் பிரிட்ஜில் ஊறட்டும். அறையில் ஊறவைப்பதென்றால் மணிக்கணக்கை எழுதுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அரையுங்கள்.

புளிக்கவைப்பது: சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டியில், பேக்கரிகளில் பாண் மா பொங்கவைக்கும் பெட்டி போன்றதில், 28 முதல் 30 டிகிரி. நன்றாகப் புளித்து பிஎச் பார்த்த முந்திய நாள் மாவில் 5 முதல் 10 சதவீதம் சேர்த்தால் அமிலம் வேகமாக ஏறும். கையால் கலக்குவதை நிறுத்துங்கள். கைச் சூடுதான் மாவைப் பொங்கவைக்கும் என்று வீட்டில் சொல்வது வீட்டுக்குச் சரி.

எல்லை: 14 மணி நேரத்துக்குள் பிஎச் 4.5 அல்லது அதற்குக் கீழ். வராத மாவைக் கொட்ட வேண்டும், கொட்டியதை எழுத வேண்டும். கொட்டிய பதிவு ஒன்றுகூட இல்லாத புத்தகத்தை எந்த இன்ஸ்பெக்டரும் நம்பமாட்டார்.

ஆறவைப்பது: எல்லை வந்தவுடன் டப்பாக்களில் பிரித்து 5 டிகிரியில் வையுங்கள். 20 லிட்டர் வாளியை அப்படியே பிரிட்ஜில் தள்ளினால் நடுப்பகுதி பல மணி நேரம் சூடாகவே இருக்கும், புளிப்பும் நிற்காது. மறுநாள் டப்பா மூடி தள்ளிக்கொண்டு வழிவது அதனால்தான்.

அளப்பது: லிட்மஸ் தாளை விடுங்கள். 4.3க்கும் 4.8க்கும் உள்ள வித்தியாசம் அதன் நிறத்தில், அதுவும் வெள்ளை மா ஒட்டியபின், தெரியாது. மீட்டர் வாங்குங்கள். மா அடைத்துக்கொள்ளாத, குத்திப் பார்க்கும் வகை முனை வேண்டும். தினமும் பிஎச் 7, பிஎச் 4 என்ற இரண்டு கரைசலில் மீட்டரைச் சரிபார்த்து, சரிபார்த்ததையும் எழுதுங்கள். முனையை ஒருபோதும் வாளிக்குள் விடாதீர்கள். பல மீட்டர்களின் முனை கண்ணாடி. உடைந்தால் வாளி முழுவதும் போய்விடும். ஒரு சிறு கோப்பையில் மா எடுத்து அளந்துவிட்டு அந்த மாவை எறியுங்கள்.

இதை எழுதிய பிறகு, ஆய்வுகூடங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பான யூகாஸின் அங்கீகாரம் உள்ள ஆய்வுகூடத்துக்கு மூன்று வெவ்வேறு நாள் மாவை அனுப்புங்கள், ஒன்றாவது குளிர்காலத்து மாவாக இருக்கட்டும். புளித்து முடிந்த அன்று ஒரு மாதிரி, நீங்கள் டப்பாவில் போடும் கடைசித் தேதியில் ஒரு மாதிரி. பேசிலஸ் சீரியஸ், ஸ்டாபைலோகாக்கஸ், சுத்தக் குறைவைக் காட்டும் என்டரோபாக்டீரியாசியே மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அறிக்கைதான் மூன்று கவுன்சில்களுக்கும் நீங்கள் காட்டப்போகும் ஒரே தாள்.

நோட்டீஸ் வந்துவிட்டால் பயப்பட வேண்டாம், ஆனால் மேசை லாச்சிக்குள் போடவும் வேண்டாம். சுகாதார மேம்பாட்டு நோட்டீஸ் குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். என்ன தவறு, என்ன செய்ய வேண்டும் என்று எழுத வேண்டும். முக்கியமானது, அதில் சொன்னதையோ அல்லது அதற்குச் சமமான வேறு வழியையோ நீங்கள் செய்யலாம். பிரிட்ஜ் என்று நோட்டீஸ் சொன்னால், பிஎச் எல்லையும் ஆய்வுகூட அறிக்கையும் அதற்குச் சமமான வழி என்று எழுத்தில் முன்வைக்கலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம், அல்லது நோட்டீசில் உள்ள அவகாசம், இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுவரைதான் நேரம். நோட்டீசை மீறுவதே தனிக் குற்றம்.

மூன்று பேரும் சொல்லாத ஒன்று

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது ரேட்டிங் அல்ல, டப்பா. ஒரு கூடத்தில் அடைத்து வேறு கடைகளில் விற்கும்போது அது சட்டத்தில் முன்கூட்டியே பொதி செய்த உணவு. அடைத்த இடத்திலேயே விற்பதற்கு 2021 அக்டோபர் 1 முதல் வந்த, சேர்மானங்களையும் ஒவ்வாமைப் பொருள்களையும் எழுதச் சொல்லும் நடாஷா விதி வேறு, இது வேறு, இது இன்னும் கனமானது. உணவின் பெயர், சேர்மானப் பட்டியல், நிகர எடை, தேதி, வைக்கும் முறை, உங்கள் நிறுவனப் பெயரும் முகவரியும் எல்லாம் டப்பாவில் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தமிழிலும் எழுதலாம், தமிழில் மட்டும் எழுத முடியாது.

14 ஒவ்வாமைப் பொருள்களைத் தடித்த எழுத்திலோ வேறு விதத்திலோ தனித்துக் காட்ட வேண்டும். நம் சமையலில் தவறிப்போகிறவை இவை. கடுகு அந்த 14இல் ஒன்று, தாளித்த சட்னி எல்லாவற்றிலும் இருக்கும். பொடியில் எள். கட்டிப் பெருங்காயத்திலும் தூளிலும் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். சம்பலில் போடும் மாசியும் மீன்தான்: மாசி என்று மட்டும் போட்டால் வாங்குகிற வெள்ளைக்காரருக்கோ இங்கே பிறந்த நம் பிள்ளைக்கோ அது மீன் என்று தெரியாது, மீன் என்ற சொல் இருக்க வேண்டும். தேங்காய் அந்தப் பட்டியலில் இல்லை. ரேட்டிங் 3 வியாபாரத்தைக் குறைக்கும். லேபிள் இல்லாத சம்பல் ஒரு உயிரைக் கொண்டுபோகலாம். வேறு எதையும் செய்யாவிட்டாலும் இந்த வாரமே இதைச் செய்யுங்கள்.

எடையும் கவுன்சிலின் விஷயம்தான், ஆனால் அது வர்த்தகத் தரப் பிரிவு. புளித்த மா காற்றால் உப்பியிருக்கும். டப்பா நிறைந்ததைப் பார்த்து மூடினால் ஒரு கிலோ இராது. தராசில் வைத்து நிரப்புங்கள். ஒரு கிலோ என்று போட்ட பொதிகளின் சராசரி ஒரு கிலோவுக்குக் குறையக் கூடாது. 15 கிராமுக்கு மேல் குறைந்தவை 40க்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. 30 கிராமுக்கு மேல் குறைந்தது ஒன்றும் இருக்கக் கூடாது.

இன்னொன்று, முதல் கடையை 6 வருடத்துக்கு முன் உணவகம் என்று பதிந்திருப்பீர்கள். இப்போது அது தயாரித்து வெளியே அனுப்பும் இடம். கவுன்சிலுக்கு எழுதிப் பதிவைத் திருத்துங்கள். பதிவுக்குக் கட்டணம் இல்லை. அந்தத் திருத்தத்தால் இன்னொரு நன்மையும் உண்டு: உணவு தயாராகும் இடத்தின் கவுன்சிலோடு மற்றக் கவுன்சில்கள் தொடர்புகொள்வது உணவுச் சட்ட நடைமுறையிலேயே இருக்கிறது. மா அரைப்பது தெற்கு லண்டனில் அல்ல. அந்த அதிகாரியிடம், இந்த மா தயாராகும் இடத்தின் அதிகாரி இவர், அவருடன் பேச வேண்டுகிறேன் என்று பெயரும் தொடர்பும் கொடுத்து எழுதுங்கள். காசு செலவில்லாத முதல் ஒருங்கிணைப்பு இது.

பிரைமரி அத்தாரிட்டி என்ன செய்யும், என்ன செய்யாது?

இது சர்டிபிகேட் அல்ல. ஒரு கவுன்சிலுக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் இடையே எழுத்தில் செய்யும் கூட்டு ஏற்பாடு. தொடக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கவுன்சில்களுக்கு உட்பட்ட நிறுவனங்களுக்கு மட்டும் இருந்தது. 2017 அக்டோபர் 1 முதல் ஒரே கடை வைத்திருப்பவர், கடை திறக்கப்போகிறவர் எல்லோருக்கும் உண்டு. சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. வணிக அமைச்சின் கீழ் உள்ள பொருள் பாதுகாப்பு மற்றும் தர அலுவலகம்தான் பரிசீலித்து நியமிக்கும். பிறகு பொதுப் பதிவேட்டில் உங்கள் பெயர் வரும். அதில் இல்லாத எந்தத் தாளும் பிரைமரி அத்தாரிட்டி அல்ல. ஆலோசகரிடம் அந்தப் பதிவேட்டைக் காட்டிக் கேளுங்கள்.

அதன் பலம் இரண்டு. ஒன்று, உறுதிசெய்த ஆலோசனை. உங்கள் மா முறையை அந்தக் கவுன்சில் படித்து, இது சட்டத்துக்குப் பொருந்துகிறது என்று எழுத்தில் தரும். அதன்பிறகு வேறொரு கவுன்சில் உங்கள் மீது நடவடிக்கை எடுக்க விரும்பினால் முன்கூட்டியே உங்கள் பிரைமரி அத்தாரிட்டிக்கு அறிவிக்க வேண்டும். நடவடிக்கை அந்த ஆலோசனைக்கு முரணாக இருந்தால் 5 வேலை நாட்களுக்குள் தடுக்க அதற்கு அதிகாரம் உண்டு. இரண்டு கவுன்சிலும் ஒத்துப்போகாவிட்டால் மேலே அரசுக்குப் போகலாம். இரண்டாவது, பரிசோதனைத் திட்டம். இந்த நிறுவனத்தில் இதையெல்லாம் பாருங்கள் என்று மற்றக் கவுன்சில்களுக்கு அது வழி சொல்லலாம்.

செய்யாதது: இன்ஸ்பெக்டர் வருவதை நிறுத்தாது. எலியும் கரப்பானும் கண்டு உடனடி ஆபத்து என்றால் யாரும் 5 நாள் காத்திருக்கமாட்டார்கள். எழுதிய முறையை நீங்களே பின்பற்றாவிட்டால் கேடயம் இல்லை. குளிர்சாதனம் பழுதாகி மா 11 டிகிரியில் நின்றால் அதற்கு உறுதிசெய்த ஆலோசனை உதவாது. பிளானிங், மதுபான உரிமத்துக்கான விண்ணப்பம், வரி, குடிவரவு எதுவும் இதில் வராது. தீப் பாதுகாப்பு தீயணைப்புப் படையுடன் தனி ஏற்பாடு. ஏற்கனவே எழுந்த சண்டைக்குப் பின்தேதியிட்டுக் காப்பாற்றவும் மாட்டாது. ஆகவே தெற்கு லண்டன் விவகாரத்தை அதன் வழியில் தீர்த்துவிட்டு, நான்காவது கடை திறக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

காசு கொடுத்துக் கவுன்சிலின் ஆதரவை வாங்குவது போல இருக்கிறதே என்று நீங்கள் தயங்கலாம். நல்ல தயக்கம். ஆனால் கவுன்சில் இதில் லாபம் எடுக்க முடியாது, தன் செலவை மட்டும் மணிக்கணக்கில் திரும்பப் பெறலாம். அதிகாரி தனிப்பட்ட முறையில் ஒரு பென்னிகூட வாங்கமாட்டார். பில் ஏறுவது உங்கள் கேள்வி தெளிவில்லாமல் இருக்கும்போதுதான். "எங்கள் கடையைப் பாருங்கள்" என்று போனால் மணி ஓடும். நான்கு பக்க மா முறை, ஆய்வுகூட அறிக்கை, மூன்று மாதப் பதிவு, லேபிள் மாதிரி, அதோடு ஐந்து கேள்விகள் என்று போனால் சில மணி நேரத்தில் முடியும்.

அதற்கு முன் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் மூன்று கடையும் ஒன்றா என்று தெரியவில்லை. ஒன்று உங்கள் பெயரில், ஒன்று மனைவி நடத்தும் கம்பனியில், ஒன்று மச்சானின் கம்பனியில் என்று இருந்தால் சட்டத்தின் கண்ணில் அவை மூன்று தனி நிறுவனங்கள். உங்களுக்குக் கிடைத்த உறுதிசெய்த ஆலோசனை மச்சானின் கடையைத் தானாகக் காக்காது. ஒரே கம்பனிக்குள் கொண்டுவருவது ஒரு வழி, அதை வரிக் கணக்காளரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னொரு வழி, ஒருவர் ஒருங்கிணைப்பாளராக நிற்க மற்றவர்கள் உறுப்பினராகும் ஒருங்கிணைந்த கூட்டு. வர்த்தகச் சங்கங்கள் இப்படித்தான் செய்கின்றன. சிறு பலசரக்குக் கடைகளுக்கான சங்கமான ஏசிஎஸ், வயது பார்த்து விற்பது முதலானவற்றுக்குத் தன் உறுப்பினர்களுக்கு இவ்வாறு உறுதிசெய்த ஆலோசனை பெற்றுத் தருகிறது. லண்டனில் நம்மவர் நடத்தும் எத்தனையோ கடைகளில் இதே மாதான் புளிக்கிறது. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு கூட்டாகப் போனால் ஆய்வுகூடச் செலவும் மணிக்கூலியும் பங்காகும். போட்டிக் கடைக்காரரோடு மா முறையைப் பகிர்வதா என்று யோசிக்காதீர்கள். அளவும் ருசியும் உங்களுடையதாகவே இருக்கட்டும், பகிர வேண்டியது பிஎச் எல்லையும் பதிவுத் தாளும் மட்டும்.

எந்தக் கவுன்சில்? கடை இருக்கும் கவுன்சிலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மா அரைக்கும் இடத்தின் கவுன்சிலை முதலில் கேளுங்கள், கூடத்தை அறிந்தவர்கள் என்பதால். அவர்களிடம் ஆள் இல்லை என்றால் வேறு எந்தக் கவுன்சிலும் செய்யலாம். லண்டன் பரோக்களில் சுகாதாரமும் எடை, லேபிள் விஷயங்களும் ஒரே கவுன்சிலில் இருக்கின்றன, அது வசதி. லண்டனுக்கு வெளியே பல இடங்களில் சுகாதாரம் மாவட்டக் கவுன்சிலிடமும் லேபிளும் எடையும் கவுண்டியிடமும் இருக்கும், அப்போது இரண்டு ஏற்பாடு தேவைப்படலாம்.

பழிவாங்கும் பயம்

முறைப்பாடு என்ற சொல்லே உங்களைத் தயங்கவைக்கிறது என்று புரிகிறது. அதிகாரிக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டால் என்னவாகும் என்ற பயத்தோடு வந்தவர்கள் நம்மில் பலர். இங்கே நெறிக்கோவை, முடிவை எடுத்த அதிகாரியே மேன்முறையீட்டைப் பரிசீலிக்கக் கூடாது என்று சொல்கிறது. எதிர்த்துக் கேட்கும் வழியைக் கவுன்சிலே உங்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதப்போவது அவர் கெட்டவர் என்று அல்ல. "4ஆவது அட்டவணையின் பக்குவப்படுத்தும் விலக்கு இந்த மாவுக்குப் பொருந்தும் என்று கருதுகிறோம். எங்கள் எழுத்து முறையும் இதுவரை எடுத்த பதிவும் இணைத்துள்ளோம். உங்கள் கருத்தைச் சட்டப் பிரிவோடு எழுத்தில் தர வேண்டுகிறோம்" என்பதுதான். நாள், நேரம், யார் பேசினார், என்ன சொன்னார் என்று ஒவ்வொரு தொலைபேசி அழைப்புக்குப் பின்னும் ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். வாயால் சொன்னது பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

அந்தப் பதிவு நாளைக் காலை மாவிலிருந்து தொடங்கட்டும். மீட்டர் வந்து சேரும்வரை அரைத்த நேரமும், அறைச் சூடும், பிரிட்ஜில் வைத்த நேரமும் எழுதினாலே போதும். வாளியை மட்டும் இன்றிரவே சின்ன டப்பாக்களாக மாற்றிவிடுங்கள்.